மாத்திரையும் மாதர் நலமும்

ஒரு மருந்து ஒருவருக்கு நன்மை செய்தது என்பதனால் அஃது எல்லோருக்கும் நன்மையே செய்யும் என்று கருதுவது நம் மக்களிடையே வேரூன்றிய வழக்கம். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மாளுக்குக் கேட்ட மருந்தை நம் வீட்டு அம்மாளும் வாங்கி உண்பதும், “நான் சாப்பிட்டேன், எனக்கு ஒன்றும் செய்யவில்லை” என்ற ஒரு சொல்லையே வைத்தியர் எழுதிய சீட்டாகக் கொள்வதும் நாம் நாள்தோறும் காண்பவை. மருந்தைப் பற்றிப் பேச வந்த வள்ளுவரோ, நோயின் அளவோடு நோயாளியின் அளவையும் காலத்தையும் எண்ணியே மருத்துவன் செயற்பட வேண்டும் என்றார். அவ்வுண்மை இன்றும் மாறவில்லை. ஒருவருக்குத் துணையாகும் மருந்து மற்றொருவருக்குப் பகையாதலும் உண்டு.

இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் கருத்தடை மாத்திரை. இதைப் பற்றி ஓர் ஆடவர் எழுதலாமா என்று சில அன்பர்கள் புருவம் நெரிக்கக் கூடும். நாம் வைத்தியர் அல்லோம். மெட்ரிகுலேஷன் வரை படித்து, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பிழைப்போம். ஆயினும் எழுதத் துணிந்தமைக்குக் காரணம் உண்டு. வடநாட்டில் குடியேறிய நம் குடும்பங்களில் மருந்துக் கடைக்குப் போகிறவர் யார்? பெரும்பாலும் ஆடவரே. இந்தி பேசத் தெரிந்தவரும் அவரே. அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, கூச்சத்தினால் ஒரு வார்த்தையும் பேசாமல் அலமாரியில் வைத்துவிடுகிறார். உண்பவர் மனைவியார், உள்ளிருக்கும் தாளோ அவருக்கு விளங்காத மொழியில். இங்ஙனம், வாங்குபவர் ஒருவர், உண்பவர் ஒருவர், இருவருக்கும் விவரம் தெரியாது என்ற நிலையில் ஒரு மருந்து வீட்டிற்குள் நடமாடுகிறது. ஆதலின், இக்கட்டுரையைச் சகோதரிகள் மட்டுமன்றி அவர்தம் கணவன்மார்களும் படிக்க வேண்டுகிறோம்.

மாத்திரை பிறந்த வரலாறு

பிள்ளைப்பேற்றைத் தாமே வரையறுத்துக்கொள்ளும் உரிமை பெண்களுக்கு வேண்டும் என்று போராடிய மார்கரெட் சாங்கர் அம்மையார் தூண்ட, காதரின் மக்கார்மிக் என்ற செல்வச் சீமாட்டி பொருளுதவி செய்ய, கிரிகரி பிங்கஸ் என்ற விஞ்ஞானியும் ஜான் ராக் என்ற மகப்பேற்று மருத்துவரும் அமெரிக்காவில் இம்மாத்திரையை உருவாக்கினர். பெரிய அளவிலான சோதனை 1956-ஆம் ஆண்டு போர்ட்டோ ரிக்கோ தீவில் தொடங்கியது. அச்சோதனைக்கு உட்பட்டோர் ஏழைப் பெண்கள். தாம் உண்பது இன்னும் சோதனையில் உள்ள மருந்து என்பதுகூட அவர்களுக்குச் சரிவரச் சொல்லப்படவில்லை. அவர்களுள் நூற்றுக்கு 17 பேருக்குத் தலைசுற்றல், குமட்டல், தலைவலி, வயிற்றுக் கோளாறு முதலியன கண்டதாக, அங்கே மேற்பார்வை செய்த பெண் மருத்துவரே அறிக்கை அனுப்பினார். அவ்வறிக்கைக்கு உரிய மதிப்பு அளிக்கப்படவில்லை. 1960-ஆம் ஆண்டு ‘எனோவிட்’ என்ற பெயருடன் கருத்தடை மாத்திரை அமெரிக்க அரசின் இசைவைப் பெற்று, உலகெங்கும் பரவிற்று.

அடுத்த ஆண்டே எச்சரிக்கை மணி ஒலித்தது. 1961-இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர், எனோவிட் உண்ட பெண்ணொருத்தியின் நுரையீரலில் ரத்தக் கட்டி அடைத்துக்கொண்டதை மருத்துவ இதழுக்கு எழுதினார். பின்னர் 1968-இல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் கணக்கெடுத்து, மாத்திரைக்கும் ரத்தக் கட்டிக்கும் தொடர்பு உண்டென்று ஐயமற நிறுவினர். மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜன் என்னும் சத்தின் அளவு கூடக் கூட அபாயமும் கூடுகிறது என்பது அப்போது தெளிவாயிற்று. 1969-ஆம் ஆண்டின் இறுதியில், 50 மைக்ரோ கிராமுக்கு மேற்பட்ட ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைகளை எழுதிக்கொடுக்க வேண்டாமென அந்நாட்டு மருந்துக் குழு மருத்துவர்களுக்கு அறிவுறுத்திற்று.

1970-ஆம் ஆண்டு அமெரிக்கச் செனட் சபையில் கேலார்டு நெல்சன் என்ற உறுப்பினர் இதைப் பற்றி விசாரணை நடத்தினார். ஆடவ நிபுணர்கள் பலர் வந்து சாட்சியம் அளித்தனர். “மாத்திரை உண்ட பெண் ஒருத்தியைக்கூட ஏன் அழைக்கவில்லை?” என்று பார்வையாளர் வரிசையிலிருந்த பெண்கள் எழுந்து கேட்டனர். நியாயமான கேள்வியன்றோ? அதன் பயனாக, அவ்வாண்டிலேயே மாத்திரையோடு அதன் அபாயத்தைக் கூறும் தாள் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற விதி அந்நாட்டில் பிறந்தது. நம் வீடுகளில் படிக்காமலே குப்பைக் கூடையில் எறியப்படும் தாளுக்குப் பின்னே இத்துணை வரலாறு இருக்கிறது.

இன்றைய மாத்திரை வேறு

முதன்முதல் வந்த எனோவிட்டில் சுமார் 150 மைக்ரோ கிராம் ஈஸ்ட்ரோஜன் இருந்தது. இன்று நம் அரசு நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என், கடைகளில் மலிவாக விற்கப்படும் மாலா-டி ஆகியவற்றில் இருப்பது 30 மைக்ரோ கிராமே. அஃதாவது ஐந்தில் ஒரு பங்கு. அதனோடு லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்னும் மற்றொரு சத்து 0.15 மில்லி கிராம் சேர்ந்திருக்கிறது. அட்டையிலுள்ள 28 மாத்திரைகளுள் 21 மருந்து மாத்திரைகள். எஞ்சிய 7 வெறும் இரும்புச் சத்து மாத்திரைகள். ஆகவே, அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய மாத்திரையின் அபாயத்தை இன்றைய மாத்திரையின்மேல் அப்படியே ஏற்றிக் கூறுவது பொருந்தாது. அபாயம் மிகக் குறைந்திருக்கிறது. ஆனால் முற்றும் நீங்கவில்லை.

நீங்காத காரணம் யாது? ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தூண்டுகிறது. ரத்தத்தை உறையச் செய்யும் பொருள்கள் அதனால் கூடுகின்றன. உறையாமல் காக்கும் பொருள்கள் சில குறைகின்றன. பெரும்பாலான பெண்களின் உடல் இம்மாற்றத்தைத் தாங்கிக்கொள்கிறது. இயல்பிலேயே உறையும் தன்மை மிகுந்த உடலாயின், கால் நாளங்களில் கட்டி உண்டாகி, அது நகர்ந்து நுரையீரலை அடைக்கக் கூடும். அரிதாக மூளையின் நாளங்களிலும் தோன்றக் கூடும். மேனாட்டாரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவரிடம், பரம்பரையாக வரும் ஒரு ரத்தக் குறை காணப்படுகிறது; அது 1994-இல் ஹாலந்தின் லைடன் நகரத்தில் கண்டறியப்பட்டமையால் அந்நகரின் பெயரையே பெற்றது. அக்குறை நம் நாட்டாரிடம் அரிதாயினும், வேறு பரம்பரைக் குறைகள் இங்கும் உண்டு. “எங்கள் பெரியம்மாவுக்குக் காலில் ரத்தம் கட்டியது, அக்காவுக்குப் பிரசவத்தின்போது மூச்சடைத்தது” என்பன போன்ற குடும்பச் செய்திகள் வெறும் ஊர்க்கதைகள் அல்ல. வைத்தியரிடம் கட்டாயம் கூற வேண்டியவை.

கணக்கு என்ன கூறுகிறது?

பேரேடு எழுதுகிறவர்க்குக் கணக்கில்லாமல் மனம் அமையாது. ஆகவே சில எண்களைத் தருகிறோம். ஐரோப்பிய மருந்து ஆணையம் 2013-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, கருவுறாத, மாத்திரையும் உண்ணாத 10,000 பெண்களுள் ஓராண்டில் சுமார் 2 பேருக்கு நாளங்களில் ரத்தக் கட்டி உண்டாகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரெல் சேர்ந்த மாத்திரை உண்போரில் அத்தொகை 5 முதல் 7 வரை. டெசோஜெஸ்ட்ரெல், ஜெஸ்டோடீன், டிராஸ்பைரினோன் என்னும் புதிய சத்துகள் சேர்ந்த மாத்திரைகளாயின் 9 முதல் 12 வரை. விலை உயர்ந்ததே மேலானது, புதியதே சிறந்தது என்று எண்ணும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இவ்விஷயத்தில் பழைய, மலிவான மாத்திரையே அபாயம் குறைந்தது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். கருவுற்றிருக்கும் காலத்தில் அத்தொகை 5 முதல் 20 வரை என்றும், பிள்ளை பெற்ற பின்னுள்ள 12 வாரங்களில் 40 முதல் 65 வரை என்றும் அமெரிக்க மருந்து நிர்வாகம் 2012-இல் கூறியிருக்கிறது. அஃதாவது, பிள்ளைப்பேறே மாத்திரையைவிட இவ்வகையில் அபாயம் மிக்கது. 1995-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிரிட்டனில் சில மாத்திரைகளைப் பற்றி அவசர எச்சரிக்கை ஒன்று வெளியாயிற்று. பெண்கள் பலர் அஞ்சி, வேறு வழி தேடாமல் மாத்திரையை உடனே நிறுத்தினர். அடுத்த ஆண்டு விரும்பாத கருப்பமும் கருச்சிதைவும் அங்கே பெருகின. எனவே, நாம் இக்கட்டுரையால் விளைவிக்க விரும்புவது அச்சமன்று, விவரம்.

நான்கு விளக்குகள்

ரயில் பாதையில் பச்சை, இரட்டை மஞ்சள், மஞ்சள், சிவப்பு என நான்கு நிலைகளைக் காட்டும் கைகாட்டி விளக்குகளை நம் வாசகர்கள் அறிவர். உலகச் சுகாதார ஸ்தாபனமும் கருத்தடை முறைகளுக்கு இதைப் போன்றே நான்கு பிரிவுகளை வகுத்திருக்கிறது. முதற்பிரிவினர் தடையின்றி உண்ணலாம். இரண்டாம் பிரிவினர் கவனத்தோடு உண்ணலாம். மூன்றாம் பிரிவினர் வேறு வழி இல்லாதபோதே, வைத்தியர் கண்காணிப்பில் உண்ண வேண்டும். நான்காம் பிரிவினருக்கோ சிவப்பு விளக்கு, உண்ணவே கூடாது.

ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைக்குச் சிவப்பு விளக்குக் காட்டப்படுவோர் யாவர்? காலிலோ நுரையீரலிலோ முன்பு ரத்தக் கட்டி கண்டவர். மாரடைப்பு அல்லது பக்கவாதம் வந்தவர். ரத்த அழுத்தம் 160-க்கு 100 என்ற அளவையோ அதற்கு மேலோ உடையவர். இதய வால்வுக் கோளாற்றினால் சிக்கல் அடைந்தவர். கல்லீரல் கடுமையாகக் கெட்டவர். மார்பில் புற்றுநோய் உள்ளவர். பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் நாட்கணக்கில் படுக்கையில் இருப்பவர். 35 வயதைக் கடந்து, நாளொன்றுக்கு 15 சிகரெட்டுக்குக் குறையாமல் புகைப்பவர். புகைப் பழக்கம் நம் பெண்களிடையே அரிதெனினும், கடும் வேலை செய்யும் சில சகோதரிகளிடம் பீடியும் சுருட்டும் உண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை. ரத்த அழுத்தம் 140-க்கு 90-ஐத் தொட்டாலே மஞ்சள் விளக்கு எரிகிறது என்று கொள்ள வேண்டும்.

ஒற்றைத் தலைவலியைத் தனியே கூற வேண்டும். தலைவலிக்கு முன்னர்க் கண் முன்னே கோணல் மாணலாக ஒளிக்கீற்றுகள் தோன்றுவதும், பார்வையில் ஒரு பகுதி மறைவதும், கை அல்லது முகத்தில் மரமரப்பு ஏறுவதும் சிலருக்கு உண்டு. அத்தகையோர் எவ்வயதினராயினும் இம்மாத்திரையை உண்ணலாகாது; பக்கவாதத்திற்கு அது வழி செய்யக் கூடும். “தலைவலிதானே” என்று தைலம் தடவிக்கொண்டு சொல்லாமல் விடும் தாய்மார்கள் இதை மனத்திற் கொள்க.

நம் நாட்டிற்கு உரிய மற்றொரு செய்தி. காசநோய்க்கு அளிக்கப்படும் ரிஃபாம்பிசின் என்ற மருந்தும், காக்காய் வலிப்புக்கு அளிக்கப்படும் ஃபெனிடாயின், கார்பமஸெபைன் முதலியனவும் கருத்தடை மாத்திரையின் வலிமையை உடலிலேயே அழித்துவிடுகின்றன. இங்கே மாத்திரை பெண்ணைக் கெடுப்பதில்லை, காக்கத் தவறுகிறது. காசநோய்ச் சிகிச்சையின்போது மாத்திரையை நம்பியிருந்து கருவுறுவது எத்துணைத் துன்பம்! ஆதலின் காசநோய் மருந்து உண்ணும் வீடுகளில் வேறு முறையைக் கையாள வேண்டும்.

ஊருக்குப் போகும்போது

நம் குடும்பங்களுக்கே உரிய மூன்று சமயங்கள் உள்ளன. அவற்றைச் சற்று விரித்துரைப்போம்.

முதலாவது பிரசவம். தாய்வீட்டில் பிள்ளை பெற்று, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையுடன் திரும்பி வருவது நம் வழக்கம். வந்தவுடன் மாத்திரை தொடங்குவதும் உண்டு. பிரசவமான ஆறு வாரங்களுக்குள் பால் கொடுக்கும் தாய்க்கு இம்மாத்திரை அறவே கூடாது. ஆறு மாதம் வரை பொதுவாக விலக்க வேண்டும். அக்காலத்திற்கேற்ற வேறு முறைகளை மருத்துவர் கூறுவார்.

இரண்டாவது, விட்டு விட்டு உண்பது. கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிறது. மனைவி மாத்திரையை நிறுத்துகிறார். நான்கு மாதம் கழித்து அவர் விடுமுறையில் வந்ததும் மீண்டும் தொடங்குகிறார். ரத்தக் கட்டியின் அபாயம் மாத்திரை தொடங்கிய முதல் ஆண்டிலேதான் மிகுதி. நான்கு வாரமோ அதற்கு மேலோ இடைவெளி விட்டுத் தொடங்கினால் அவ்வபாயம் மீண்டும் தலைதூக்குகிறது. இவ்வகைக் குடும்பங்களுக்கு வேறு முறையே ஏற்றது.

மூன்றாவது, விலக்கைத் தள்ளிப் போடும் மாத்திரை. கலியாணம், கும்பாபிஷேகம், கோயில் யாத்திரை என்றால் நார்எதிஸ்டிரோன் என்ற மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை உண்பது வீட்டுக்கு வீடு பரவியிருக்கிறது. இது கருத்தடை மாத்திரை அன்று. ஆகவே தீங்கில்லை என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வளவில் உண்ணும்போது அதன் ஒரு சிறு பங்கு உடலுக்குள்ளேயே ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது என்பதை அவர்கள் அறியார். கருத்தடை மாத்திரை கூடாதென்று விலக்கப்பட்ட பெண்ணுக்கு இதுவும் கேள்வியின்றி ஏற்றதாகாது. நோன்பு மாதத்தில் விலக்கைத் தள்ளிவைக்க இத்தகைய மாத்திரைகள் உண்ட பெண்களிடையே மூளை நாளங்களில் ரத்தம் கட்டியதை ஈரான் நாட்டு மருத்துவர்களும் பதிவு செய்திருக்கின்றனர்.

இவற்றோடு பிரயாணமும் சேர்ந்துகொள்கிறது. நான்கு மணி நேரத்திற்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பிரயாணம் செய்தால் ரத்தக் கட்டியின் அபாயம் ஏறத்தாழ இருமடங்காகிறது என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 2007-இல் தெரிவித்தது. டில்லியிலிருந்து சென்னைக்குச் சுமார் 2,180 கிலோமீட்டர். எக்ஸ்பிரஸ் வண்டியிலும் ஒன்றரை நாள்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நேர்ந்ததைப் பெயர் கூறாது சொல்வோம். முப்பத்தெட்டு வயது மாது ஒருவர். சில மாதங்கள் நிறுத்தியிருந்த மாத்திரையை மீண்டும் தொடங்கிய சமயம், தம்பியின் கலியாணத்திற்கு ஊருக்குப் புறப்பட்டார். வண்டியில் கழிவறைக்குப் போக அருவருத்துத் தண்ணீரும் குடிக்கவில்லை; மூட்டைகளுக்குக் காவலாக இருந்த இடத்தை விட்டு எழவும் இல்லை. ஊர் சேர்ந்த மறுநாள் இடக்காலின் ஆடுசதை வீங்கி வலித்தது. சுளுக்கு என்று எண்ணி, எண்ணெய் இட்டு நீவி விட்டார்கள். மூன்றாம் நாள், பந்தியில் பரிமாறிக்கொண்டிருக்கும்போதே மூச்சுத் திணறிச் சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் முதலில் கேட்டது, “என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்பதே. சுற்றிலும் நாத்தனார், மாமியார், மைத்துனர். அம்மாது “ஒன்றுமில்லை” என்று விட்டார். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் மீண்டும் கேட்ட பிறகே உண்மை வெளிவந்தது. ரத்தத்தை இளக்கும் ஊசியினால் உயிர் பிழைத்தார். அன்று அவரைக் காத்ததில் மருந்துக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு அந்தத் தனிமைக்கும் உண்டு. வீங்கி வலிக்கும் காலை நீவுவது ரத்தக் கட்டியை இடம்பெயரச் செய்துவிடக் கூடும் என்பதையும் இங்கே குறித்துவைப்போம்.

உடனே கவனிக்க வேண்டிய குறிகள்

தலை முதல் கால் வரை வரிசையாக நினைவிற் கொள்ளலாம். முன்பு கண்டிராத கடுந்தலைவலி, அல்லது நாளுக்கு நாள் கூடும் தலைவலி. திடீரெனக் கண் மங்குதல், வாய் குழறல், ஒரு பக்கம் கை கால் சோர்தல். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், இருமலில் ரத்தம். மேல்வயிற்றில் கடும் வலி, கண்ணில் மஞ்சள் நிறம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் சூடும். இவற்றுள் ஒன்று கண்டாலும் அடுத்த மாத்திரையை உண்ணாது உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். தொடக்கத்தில் தோன்றும் லேசான குமட்டல், இடையிடையே சிறிது ரத்தப்போக்கு முதலியவை பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் தாமே தணிவன. அவற்றிற்கு அஞ்ச வேண்டியதில்லை.

புற்றுநோய் உண்டாகுமா என்பது அடிக்கடி கேட்கப்படும் வினா. விடை இருபுறமும் உள்ளது. மாத்திரை உண்ணும் காலத்தில் மார்பகப் புற்றுநோயின் அபாயம் சிறிது கூடுகிறது. 2017-இல் வெளியான டென்மார்க் நாட்டு ஆராய்ச்சி, 18 லட்சம் பெண்களின் கணக்கைக் கொண்டு, ஆண்டொன்றுக்குச் சுமார் 7,690 பெண்களுக்கு ஒருவர் வீதம் கூடுதலாக அந்நோய் காண்கிறது எனக் கூறிற்று. ஐந்தாண்டுக்கு மேல் உண்போருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயும் சற்றே கூடுகிறது. மாறாக, சினைப்பை, கருப்பை உட்சுவர் ஆகியவற்றின் புற்றுநோய்கள் குறைகின்றன. அந்நன்மை மாத்திரையை நிறுத்திய பின்னரும் பல்லாண்டுகள் நீடிக்கிறது. விலக்கின்போது ரத்தப்போக்குக் குறைவதால் சோகை பிடித்த பெண்களுக்கு நலமும் உண்டு. பிரிட்டனில் 1968 முதல் 46,000 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியிட்ட அறிக்கை, மாத்திரை உண்டவர்கள் மற்றவர்களைவிட மிகுதியாக இறக்கவில்லை என்றே கண்டது. ஆகவே, மாத்திரை நஞ்சன்று. ஆள் அறியாது கொடுப்பதே தீங்கு.

பருவப் பெண்களைப் பற்றியும் ஒரு சொல். விலக்கு ஒழுங்கின்மைக்கும் முகப்பருவிற்கும் இதே வகை மாத்திரைகளை மருத்துவர் எழுதுகின்றனர். மகளுக்குக் கலியாணமாகவில்லையே, பெயர் கெடுமோ என்று பெற்றோர் அதை மூடி மறைக்கின்றனர். மறைப்பதனால், அப்பெண்ணுக்குக் கால்வலியோ தலைவலியோ வரும்போது அதைப் பார்க்கும் வேறொரு மருத்துவருக்கு விவரம் தெரியாமற் போகிறது. மருந்து மருந்துதான், அதில் நாணுதற்கு ஒன்றுமில்லை.

மாற்று வழியும் ஆடவர் கடமையும்

மாத்திரை ஒவ்வாதவர்க்கு வழியே இல்லையோ? உண்டு. ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரைகள் உள்ளன. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் நம் நாட்டு விஞ்ஞானிகளே கண்டுபிடித்த ‘சஹேலி’ என்ற மாத்திரை 1991 முதல் விற்பனையில் இருக்கிறது. 2016-இல் ‘சாயா’ என்னும் பெயரால் அரசுத் திட்டத்திலும் சேர்ந்தது. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறையும், பின்னர் வாரம் ஒருமுறையும் உண்பது. அதற்கும் விலக்கு வேண்டியவர்கள் உண்டு. கேட்டே தொடங்க வேண்டும். பத்தாண்டு வரை காக்கும் காப்பர்-டி, ரத்தக் கட்டிக்கு அஞ்ச வேண்டியவர்க்கும் பொதுவாக ஏற்றது.

எல்லாவற்றிற்கும் மேலாக ஆடவர் செய்யக் கூடியவை இரண்டு. 1968 முதல் நிரோத் என்ற பெயரால் நாடெங்கும் பரவிய உறை ஒன்று. சில நிமிடங்களில் முடியும் ஆண் அறுவைச் சிகிச்சை மற்றொன்று. 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களுள் நூற்றுக்கு 37.9 பேர் தாமே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருக்கின்றனர். கணவர் செய்துகொண்ட குடும்பங்களோ நூற்றுக்கு 0.3. இவ்வெண்களுக்கு விளக்கம் வேண்டுமோ? மனைவியின் உடல் மாத்திரையைத் தாங்காது என்று தெரிந்த பின்னும், பாரத்தை அவர் தோளிலேயே ஏற்றிவைப்பது அறமாகாது.

இனி, நம் குடும்பங்கள் நாளையே செய்யத்தக்கவற்றைக் கூறி முடிப்போம். மாத்திரை உண்ணும் ஒவ்வொரு சகோதரியும் தொடங்குமுன் ஒருமுறையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையேனும் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். ரயில்வே ஆஸ்பத்திரியிலோ அரசு நிலையத்திலோ அதற்குக் காசில்லை. நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் மாதர் பகுதியார் ஒரு கருவியை வைத்துப் பார்த்தாலும் நன்று. நீண்ட பிரயாணத்தில் தண்ணீர் தாராளமாகக் குடித்து, மணிக்கொருமுறை எழுந்து பெட்டியின் கோடி வரை நடந்து வர வேண்டும். மூட்டைகளைக் கணவர் காக்கட்டும்.

மொழி தெரியாத இடத்தில் மருத்துவரிடம் பேச நேர்ந்தால், “மைம் கர்ப்நிரோதக் கோலீ லேத்தீ ஹூம்” என்ற ஒரு வாக்கியம் போதும். கருத்தடை மாத்திரை உண்கிறேன் என்பது அதன் பொருள். அதுவும் நாவில் வராவிட்டால், உண்டு தீர்ந்த அட்டை ஒன்றைக் கைப்பையில் வைத்திருந்து எடுத்துக் காட்டலாம். எந்த ஊர் டாக்டரும் அதைப் பார்த்தவுடன் புரிந்துகொள்வார்.